போகலாமா, இருக்கலாமா? பதினோராம் ஆண்டுக்காரர்களுக்கு ஒரு கையேடு

இந்தக் கையேடு எல்லோருக்குமானதல்ல. வேலையில் சேர்ந்து இரண்டு வருடமே ஆனவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியும். காலையில் கோபம் வந்தால் மாலைக்குள் பேப்பர் போட்டுவிட்டு, மூன்றாவது மாதம் பெங்களூரில் தோசை விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பீர்கள். ஓய்வுபெற இரண்டு வருடமே இருப்பவர்களுக்கும் இது வேண்டாம். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் டெக் லீடுகளுக்காக.

உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். வயது முப்பத்தாறு. மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அதற்கு இன்னும் பதினான்கு வருட இ.எம்.ஐ. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், அமெரிக்காவில் ஒரு மச்சான். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் துரைப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது ‘விட்டுட்டுப் போயிடலாமா’ என்று நினைப்பீர்கள். பச்சை விழுந்ததும் பின்னால் இருக்கும் டெம்போக்காரர் ஹாரன் அடிப்பார், யோசனை போய்விடும். அந்த யோசனையை முறையாக யோசிப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நோயை உறுதி செய்துகொள்ளுங்கள்

வேலை அலுத்துப்போவது வேறு, நின்றுபோவது வேறு. அலுப்பு என்றால் நான்கு நாள் ஊட்டிக்குப் போய்வந்தால் சரியாகும். நின்றுபோனதற்கு அறிகுறிகள் தனி. அக்சஸ் கார்டில் இருக்கும் படத்தையும் உங்கள் முகத்தையும் வாசல் செக்யூரிட்டி இரண்டு முறை பார்க்கிறார். பதவி உயர்வுப் பட்டியல் மெயிலில் வந்ததும் மேலிருந்து படிக்காமல் நேராக கன்ட்ரோல் எஃப் அழுத்தி உங்கள் பெயரைத் தேடுகிறீர்கள். பெயர் கிடைக்கிறது, இனிஷியல் வேறு. ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் கே.டி. (வேலையைக் கற்றுத்தரும் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’) கொடுத்து உட்காரவைத்த பையன் இன்று உங்கள் மேனேஜருக்கு மேனேஜர். அவன் இன்னமும் உங்களை ‘அண்ணா’ என்றே கூப்பிடுகிறான், அதுதான் தாங்க முடியவில்லை. யாராவது வேலையை விட்டுப் போனால் கேக்குக்கும் பரிசுக்கும் காசு வசூலிக்கிற பொறுப்பு தானாக உங்களிடம் வந்துவிடுகிறது. நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள் என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதில் இரண்டு பொருந்தினாலும் அவசரப்பட வேண்டாம். அப்ரைசல் வரை பொறுங்கள், அங்கே உறுதியாகிவிடும்.

அப்ரைசல் என்பது அரை மணி நேரச் சந்திப்பு. முதல் பத்து நிமிடம் டிராஃபிக்கைப் பற்றிப் பேசுவது மரபு. பிறகு மேனேஜர் லேப்டாப் திரையை உங்களுக்குத் தெரியாதபடி லேசாகத் திருப்பிக்கொள்வார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் நிரப்பிய சுயமதிப்பீட்டுப் படிவத்தை அவர் அப்போதுதான் முதல்முறையாகத் திறக்கிறார். படிவம் சுற்றிச் சுற்றி லோட் ஆகும் அழகிலேயே அது தெரிந்துவிடும்.

“நீங்கதான் இந்த டீமுக்கே பில்லர்,” என்பார்.

“தேங்க்ஸ். அப்போ ரேட்டிங்?”

“மூணு.”

“போன வருஷமும் மூணுதானே?”

“அதைத்தான் கன்சிஸ்டென்சின்னு எழுதியிருக்கேன்.”

தூணுக்கு யாரும் பதவி உயர்வு கொடுப்பதில்லை. எடுத்து வேறு இடத்தில் வைத்தால் கூரை இறங்கிவிடும் அல்லவா?

ஐந்துக்கு இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களை மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10 என்று பிரித்து, அடியில் இருப்பவர்களை வெளியே அனுப்பும் முறையைப் பிரபலமாக்கினார். உலகம் முழுக்க ஹெச்.ஆர். துறைகள் அதைப் பக்தியோடு ஏற்றுக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசை பிடித்து நிறுத்தும் வழக்கத்தை 2013-ல் கைவிட்டது. இங்கேயும் சில கம்பெனிகள் கைவிட்டதாகச் சொல்லிக்கொண்டன. ஆனால் சம்பள உயர்வுக்கென்று ஒதுக்கிய தொகை அளவாக இருக்கும்வரை பெல் கர்வ் என்கிற இந்தப் பங்கீடு எங்கும் போய்விடாது, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும். பதினைந்து பேர் டீமில் ஐந்து மதிப்பெண் ஒருவருக்குத்தான். அதுவும் பெரும்பாலும் போன மாதம் வேறு கம்பெனி ஆஃபர் லெட்டரைக் காட்டியவருக்குப் போய்விடும். பில்லரை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியம் கிடையாது.

உங்கள் மேனேஜரும் இதில் வில்லன் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் மூன்று போட்டிருக்கிறார். உண்மையான காரணம் எக்ஸெல் ஷீட்டில் இருக்கிறது. சர்வீஸ் கம்பெனிக்குக் கிளையன்ட் பணம் கொடுப்பது ரேட் கார்டின்படி: இந்தப் பொறுப்புக்கு மணிக்கு இத்தனை டாலர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கிளையன்ட் அதைக் குறைக்கத்தான் சொல்வார். லாபம் நிற்பது பிரமிடில். கீழே நிறைய இளைஞர்கள், மேலே கொஞ்சம் பெரியவர்கள். கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்கிற கணக்கு பத்து வருடத்துக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. உங்கள் சம்பளமோ வருடத்துக்குக் கொஞ்சமாக ஏறி, உங்கள் தலைக்குக் கிளையன்ட் தரும் ரேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஏற்றினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. இறக்கினால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். ஆகவே அப்படியே வைத்திருக்கிறார்கள். திறமை தீர்ந்துபோய் நீங்கள் நிற்கவில்லை, கணக்குத் தீர்ந்துபோய் நிற்கிறீர்கள். இது புரிந்தால் தன்னிரக்கத்தில் பாதி குறையும். மீதிப் பாதியை எறிந்துவிட வேண்டாம், அடுத்த படிக்குத் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஊரெல்லாம் கருத்துக் கேளுங்கள்

முடிவெடுக்க விரும்பாதவர்களுக்கு ஆலோசனையைப் போல உதவும் விஷயம் வேறில்லை. அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். மின்வாரியத்தில் ஒரே நாற்காலியில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“சம்பளம் மாசா மாசம் ஒழுங்கா வருதில்ல?”

“வருதுப்பா.”

“அப்புறம் என்ன?”

“வளர்ச்சி இல்லப்பா.”

“முப்பத்தாறு வயசாச்சு, இன்னும் எங்கடா வளரப்போற?”

மாமனாரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. பொதுவாகப் பேசுவதுபோல ஆரம்பிக்க வேண்டும். எப்படி ஆரம்பித்தாலும் அவர் பிடித்துவிடுவார். “மாப்பிள்ளை, சின்னவ கல்யாணம் முடியட்டுமே. பத்திரிகையில உங்க கம்பெனி பேரு போட்டிருக்கோம்.” நீங்கள் சேர நினைக்கும் ஸ்டார்ட்அப்பின் பெயர் ஏதோ பற்பசை மாதிரி இருக்கிறது என்பதை அவர் மரியாதை கருதிச் சொல்லமாட்டார்.

அமெரிக்க மச்சான் வாட்ஸ்அப்பில் வருவார். “மச்சி, இன்னுமா அங்க இருக்க? இங்கெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு மேல யாரும் ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க.” அவர் ஒன்பது வருடமாக ஒரே கம்பெனியில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களின் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிக்னல் சரியில்லை என்பார்.

கந்தன்சாவடி டீக்கடையில் நிற்கும் நால்வர் குழுவை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தினமும் நாலரை மணிக்கு ராஜினாமா செய்து, ஐந்து மணிக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் ஒரு ஆரோக்கியம் இருக்கிறது, டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சேர்த்தே.

வீட்டில் மட்டும் கவனமாக இருங்கள். மனைவி ஒரே கேள்விதான் கேட்பார்: “இருந்தா என்ன பண்ணுவீங்க, போனா என்ன பண்ணுவீங்க? அதை மொதல்ல சொல்லுங்க.” மொத்தக் கையேட்டிலும் உருப்படியான கேள்வி இதுதான் என்பதால் இதற்குப் பதில் சொல்ல முயற்சிக்கக் கூடாது. குழந்தையின் ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுங்கள்.

அம்மா இதற்குள் ஜோசியரைப் பார்த்திருப்பார். ‘சனிப்பெயர்ச்சி முடியட்டும்’ என்று பதில் வந்திருக்கும். இங்கே உங்களுக்கு ஒரு அரிய வசதி கிடைக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29-ல். வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026-ல்தான், திருநள்ளாறு கோயில் பின்பற்றுவதும் வாக்கியத்தைத்தான். சனி பகவானுக்கே மாறிப்போவதற்கு ஏறக்குறைய ஒரு வருட நோட்டீஸ் பீரியட் இருக்கிறது. உங்களிடம் தொண்ணூறு நாள் கேட்கும் கம்பெனியைக் குறை சொல்ல முடியுமா?

அதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் குலதெய்வம் கோயிலில் பூ போட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், கூட்டத்தில் இருக்கும் ஏதாவது சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது. படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். இதையே அமெரிக்காவில் ஒரு பொருளியல் பேராசிரியர் ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட் 2013-ல் ஓர் இணையதளம் தொடங்கினார். வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று தவிப்பவர்கள் அங்கே போய்த் தங்கள் கேள்வியைச் சொன்னால் கம்ப்யூட்டர் காசைச் சுண்டி, பூவா தலையா சொல்லும். இருபதாயிரத்துக்கும் மேல் காசு சுண்டப்பட்டது. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். ‘மாறு’ என்று காசு சொன்னவர்களில் கணிசமானோர் உண்மையிலேயே மாறியும் இருந்தார்கள்.

இதை வைத்து ‘போனால் எல்லோரும் சந்தோஷமாகிவிடலாம்’ என்று கிளம்பிவிடக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவருடைய காசை நம்பும் அளவுக்குத் தவித்தவர்கள் போனால் நல்லது என்று மட்டும்தான் சொல்ல முடியும். தவிக்காதவர்கள் அந்தப் பக்கத்துக்கே போயிருக்கமாட்டார்கள். காசு காற்றில் இருக்கும்போதே மனம் எதை விரும்புகிறது என்று தெரிந்துவிடும் என்பார்கள் சிலர். ஓ.எம்.ஆரில் அப்படி நடப்பதில்லை. காசு காற்றில் இருக்கும்போது மனம் ஐந்தாம் தேதி இ.எம்.ஐ.யைத்தான் நினைக்கிறது.

மூன்றாம் படி: வாய்விட்டுப் பேசுங்கள்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி: வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். எவ்வளவு காலம் எதைச் செய்வார்கள் என்பதை விசுவாசம் தீர்மானிக்கும். இந்த யோசனை அவருக்கு நைஜீரிய ரயிலைப் பார்த்து வந்தது. அங்கே லாரிப் போட்டி வந்தும் ரயில்வே திருந்தவேயில்லை. ஏன்? சத்தம் போட்டு ரயிலைத் திருத்தக்கூடியவர்கள்தான் முதல் ஆளாக லாரிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சத்தம் போடாதவர்கள். வருமானம் குறைந்தாலும் அரசு ஈடுகட்டிவிடும் என்பதால் ரயில்வேக்கும் கவலை இல்லை.

உங்கள் மாடியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டவுன்ஹாலில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்கள் எல்லாம் எங்கே? அவர்களுக்கு நீங்கள்தான் கேக் வாங்கினீர்கள்.

எனவே மேனேஜரிடம் பேசிப் பார்ப்பது நல்லதுதான். ‘எனக்கு வளர்ச்சி வேண்டும்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், ஆன்லைன் பயிற்சி லிங்க் ஒன்று அனுப்பிவைப்பார். ‘இந்த புராஜெக்ட்டிலிருந்து எந்தத் தேதியில் விடுவிப்பீர்கள்’ என்று கேளுங்கள். தேதி கேட்டால்தான் பதில் தேதியாக வரும். வராவிட்டால் அதுவும் ஒரு பதில். அதைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

நான்காம் படி: நல்ல மாதம் பாருங்கள்

ஜனவரியில் போகக் கூடாது, அப்ரைசல் நடந்துகொண்டிருக்கிறது. மார்ச்சில் கூடாது, வருமான வரிக் கணக்கு குழம்பும். ஏப்ரலில் ஹைக் லெட்டர் வரும், எவ்வளவு என்று பார்க்காமல் போவது முட்டாள்தனம். வந்த ஹைக் பிடிக்கவில்லை என்றாலும் மே மாதம் கூடாது, விடுமுறைக்குக் கொடைக்கானலில் ரூம் போட்டாகிவிட்டது. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். ஜூலையில் வேரியபிள் பே வரலாம். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. தீபாவளிக்கு முன்பு யாராவது வேலையை விடுவார்களா? நவம்பரில் மழை. டிசம்பரில் அமெரிக்கக் கிளையன்ட் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவார், எங்கேயும் ஆள் எடுக்கமாட்டார்கள். மீண்டும் ஜனவரி.

பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்ற காரணத்தை இப்போதே செலவழித்துவிடாதீர்கள். அதற்கு எட்டு வருடம் இருக்கிறது, கைவசம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கிராஜுவிட்டியைக் காரணம் காட்டுங்கள்

இருப்பதற்கான காரணங்களிலேயே கௌரவமானது இதுதான். ‘கிராஜுவிட்டி இருக்கு, விட மனசில்ல’ என்று சொன்னால் எதிரில் இருப்பவரும் தலையாட்டுவார். யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நாம் போடுவோம். 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டம் வகுத்த கணக்குப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் பேசிக் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதினோரு வருடத்துக்குச் சுமார் 2,53,800 ரூபாய். ஃபிளாட்டுக்கு நீங்கள் மாடுலர் கிச்சன் போட்ட செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான விஷயம், ஐந்து வருடம் முடிந்த அன்றே அது உங்களுடையதாகிவிட்டது. நீங்கள் ஒழுங்காக ராஜினாமா செய்து போனால் யாரும் அதை எடுத்துக்கொள்ளப்போவதில்லை. கையை விட்டுப் போகாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்க்கலாம். உண்மையிலேயே கிராஜுவிட்டிக்காகக் காத்திருக்க வேண்டியவர் நான்கு வருடமும் சில மாதங்களும் முடித்தவர்தான். அவருக்கும் ஒரு தகவல்: சட்டத்தில் ஒரு வருடத் தொடர் சேவை என்பது 240 நாள் வேலை, வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களில் 190 நாள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஹெச்.ஆரிடம் இதைச் சொன்னால் முகம் மாறும். சொல்லிப் பாருங்கள்.

பி.எஃப். கதையும் இதேதான். யு.ஏ.என். எண் ஒன்றே என்பதால் கம்பெனி மாறினால் பணமும் பழைய சேவைக்காலமும் கூடவே வரும். மாற்றிக்கொள்ளாமல் ஐந்து வருடத்துக்குள் எடுத்தால்தான் வரித் தொல்லை. பென்ஷன் என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் கணக்கு இருக்கிறது. 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துப் பதினோரு வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதில் மாதம் 2,357 ரூபாய். அன்றைக்கு அதில் எத்தனை பஜ்ஜி வரும் என்று டீக்கடைக் குழுவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஆறாம் படி: உதாரண புருஷர்களைத் தேடுங்கள்

போக விரும்புகிறவர் ராமானுஜனைச் சொல்லலாம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகை 75 ரூபாய்க்கு மாறினார். நூற்றைம்பது சதவீத ஹைக், அதுவும் ஒரே தாவலில். எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் செய்தித்தாள்களை வெட்டிக் கோப்பில் சேர்க்கும் வேலை பார்த்தார். பார்ப்பவர்களுக்கு அவர் நாள் முழுக்கப் பேப்பர் கிழிப்பதுபோலத்தான் தெரிந்தது. 1966-ல் வெளியே வந்தார். இருக்க விரும்புகிறவர் எழுத்தாளர் சுஜாதாவைச் சொல்லலாம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓய்வு பெறும்வரை இருந்துகொண்டேதான் எழுதிக் குவித்தார், வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதிலும் பங்கெடுத்தார்.

ஒரு சின்னச் சிக்கல். மூவரும் இருந்த இடத்திலேயே வேறொரு வேலையைத் தீவிரமாகச் செய்துகொண்டிருந்தவர்கள். நமக்கு அந்த நேரத்தில் வெப் சீரிஸ் இருக்கிறது.

ஏழாம் படி: பேப்பர் போடுங்கள்

இந்தப் படி வரை வருபவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாக.

ஐ.டி. வேலைச் சந்தையில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் பதினைந்து நாளில் வந்து சேரும் ‘இம்மீடியட் ஜாய்னர்’ வேண்டும் என்கின்றன. அதே கம்பெனிகள்தான் தம் ஆட்களைத் தொண்ணூறு நாள் விடமாட்டேன் என்கின்றன. ஆகவே கையில் ஆஃபர் இல்லாமலே பேப்பர் போட்டு, ‘சர்விங் நோட்டீஸ்’ என்று ரெஸ்யூமேயில் எழுதிய பிறகுதான் போன் வரத் தொடங்கும் என்று ஒரு கூட்டம் துணிந்து இறங்குகிறது. இ.எம்.ஐ. உள்ளவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் தனியாக இருந்தால் பேச்சு வேறு.

பேப்பர் போட்ட மறுநாள் அதிசயம் நடக்கும். பதினோரு வருடம் பட்ஜெட்டில் இல்லாத பணம் இரண்டே நாளில் கிடைத்துவிடும். மேனேஜர் உங்களை காஃபி குடிக்கக் கூப்பிடுவார். அவர் மேனேஜரும் வருவார், அதே ‘அண்ணா’ பையன். “உங்களை விட மனசில்லண்ணா, முப்பது பெர்சென்ட் பேசலாம்.” கவுன்ட்டர் ஆஃபர் என்பது இதுதான். வாங்கிக்கொள்வதா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அந்த முப்பது சதவீதத்துக்கு நீங்கள் நேற்றும் தகுதியானவர்தான். நேற்றுக் கொடுக்காதவர்கள் இன்று கொடுப்பது கே.டி. முடியும்வரை ஆள் வேண்டும் என்பதற்காக இருக்கலாம். மேலே சொன்ன எக்ஸெல் ஷீட் எங்கும் போய்விடவில்லை. அதில் உங்கள் வரி இன்னும் சிவப்பாகியிருக்கும், அடுத்த ஆள்குறைப்பில் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்புதான்.

எட்டாம் படி: எதுவுமே செய்யாதீர்கள்

பெரும்பாலோர் மேற்கண்ட ஏழையும் தாண்டி நேராக இங்கேதான் வருகிறார்கள். கஷ்டமே இல்லை. சிக்னலில் நினைக்க வேண்டும், பச்சை விழுந்ததும் மறக்க வேண்டும். நீங்கள் முடிவெடுக்காவிட்டால் முடிவே எடுக்கப்படாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எடுக்க வேறு ஆள் இருக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தவர்களில் பலர் சுற்று வட்டாரத்து இளம்பெண்கள். போகலாமா இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளும் சொகுசே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்தது, மறுவருடமே மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ‘அதெல்லாம் ஃபேக்டரி, நாம் ஐ.டி.’ என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்காக, 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள். எந்தக் கம்பெனியும் அப்பாவைக் கேட்கவில்லை, ஆடி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை, பூ போட்டுப் பார்க்கவும் இல்லை. எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பார்த்தார்கள், முடித்துவிட்டார்கள்.

இத்தனை கிண்டலுக்குப் பிறகு என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். இருப்பது தப்பே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பெண்ணோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதற்காக மூன்று மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் தெரிந்தேதான் இருக்கிறார்கள், டீக்கடையில் புலம்புவதும் இல்லை. புலம்புகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். போகும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு இரண்டு இன்டர்வியூவுக்காவது போய்வாருங்கள். கம்பெனிக்கு வெளியே உங்கள் விலை என்ன, எந்தக் கேள்வியில் தடுமாறுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். தடுமாறினால் இருந்துகொண்டே படியுங்கள். தடுமாறாவிட்டால் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

இதையும் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைப்பீர்கள் என்று தெரியும். போகட்டும். இருந்தாலும் போனாலும் உதவக்கூடிய ஒரே ஒரு வேலையை இன்று ராத்திரிக்குள் முடித்துவிடுங்கள். பி.எஃப். தளத்தில் யு.ஏ.என். போட்டு உள்ளே போய், நாமினி யார் என்று பாருங்கள். பதினோரு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு முன்னால் நிரப்பியதே அப்படியே கிடக்கும். கல்யாணமானால் நாமினியைப் புதிதாகப் போட வேண்டும். ஆதார், ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், ஓ.டி.பி. வரும் போன் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை. இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.